தளபதி மனைவி தட்டிய கதவுகள்

ஜெனரலுக்குப் பதவி உயர்வு வந்தபோது விமானப்படைத் தலைமையகம் அவரைப் பற்றி ஒரு பக்கத்துக்கு வாழ்க்கைக் குறிப்பு அச்சடித்து எல்லா விமானதளங்களுக்கும் அனுப்பி வைத்தது. எந்த வயதில் படையில் சேர்ந்தார், எத்தனை வகை விமானங்களை ஓட்டினார், மொத்தம் எத்தனை மணி நேரம் ஆகாயத்தில் இருந்தார், எந்தெந்தத் தளங்களுக்குத் தலைமை தாங்கினார், என்னென்ன பதக்கங்கள் என்று ஒன்று விடாமல் இருந்தது. மனுஷன் காலையில் பல் தேய்த்ததைத்தான் போடவில்லை. கடைசி வரியில், போனால் போகிறதென்று, 'மணமானவர், ஒரு மகள் உண்டு' என்று சேர்த்திருந்தார்கள்.

அந்த 'மணமானவர்' என்ற ஒரு சொல்லுக்குள் முப்பத்திரண்டு வருஷம் இருந்த பெண்ணைப் பற்றித்தான் இங்கே பேச்சு. ஜெனரலைப் பற்றித் தெரிய வேண்டுமென்றாலும் அவளைத்தான் கேட்டாக வேண்டும். அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வாங்குவதற்குள் நமக்குத் தலை நரைத்துவிடும்.

கல்யாணமாகி வந்தபோது அவளுக்கு வயது இருபத்திரண்டு. அவர் அப்போது வெறும் விமானி. ஓடுதளத்துக்குப் பின்னால், எது யார் வீடென்று தெரியாதபடி ஒரே மாதிரியாகப் பதினான்கு வீடுகள் வரிசையாக நின்றன. மூன்றாவது வீடு அவர்களுடையது. இரண்டு அறை, ஒரு சமையலறை, விமானம் மேலே போகும்போதெல்லாம் கடகடவென்று ஆடும் ஜன்னல் கண்ணாடி. முதல் வாரம் காதைப் பொத்திக்கொண்டாள். இரண்டாவது மாதத்தில், அந்தச் சத்தம் கேட்காமல் போனால்தான் பயப்பட வேண்டும் என்று தெரிந்துகொண்டாள்.

யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தரவில்லை. மற்றப் பெண்களைப் பார்த்துத் தெரிந்துகொண்டதுதான். பறக்கும் நாட்களில் காலை வேளையில் எந்த வீட்டிலும் ரேடியோ பாடாது. கை பாட்டுக்குக் காய் நறுக்கும், காது மட்டும் ஆகாயத்தில் இருக்கும். கிளம்பியது எத்தனை, இறங்கியது எத்தனை என்று மனசு எண்ணிக்கொண்டே இருக்கும். திடீரென்று எல்லாம் ஓய்ந்துவிட்டால் ஒவ்வொருத்தியும் தன் தன் ஜன்னலுக்கு வந்து நிற்பாள். யாரும் யார் வீட்டுக்கும் போக மாட்டார்கள்.

கொஞ்ச நேரத்தில் முன்னால் கொடி வைத்த கறுப்புக் கார் வரும். முன் சீட்டில் பையோடு டாக்டர். பின் சீட்டில் முழுச் சீருடையில் தளத்தின் தளபதி, பக்கத்தில் அவர் மனைவி. அது அங்கே வழக்கம். விமானி செத்தால் செய்தியைப் போனில் சொல்லக் கூடாது. வாசலில் நிற்க வைத்துச் சொல்லக் கூடாது. தளபதி நேரில் போக வேண்டும், மனைவியை அழைத்துப் போக வேண்டும், உள்ளே உட்கார வைத்த பிறகுதான் வாயைத் திறக்க வேண்டும். விருந்துக்கு வந்தாலும் விசாரிக்க வந்தாலும் தளபதி வெளியில் நிற்கும்போது தொப்பியைக் கழற்ற மாட்டார். இதற்கு மட்டும்தான் காரை விட்டு இறங்கியதும் கழற்றுவார். அதனால் தொப்பி தலையை விட்டு இறங்கினாலே வரிசை முழுவதற்கும் விஷயம் புரிந்துவிடும்.

அவள் வந்த ஐந்தாவது மாதம் அந்தக் காரை முதல்முதலாகப் பார்த்தாள். அது முதல் வீட்டைக் கடந்தது. இரண்டாவதைக் கடந்தது. மூன்றாவது வீட்டு முன்னால் மெதுவானது. பிறகு நகர்ந்து நாலாவது வீட்டு வாசலில் நின்றது.

"அப்பாடா," என்று வாய்விட்டுச் சொன்னாள்.

நாலாவது வீட்டுக்காரி முந்தின நாள் சாயங்காலம்தான் இவளோடு வாசலில் நின்று அரை மணி நேரம் சிரித்துப் பேசியவள். அந்த ஒரு 'அப்பாடா'வுக்காகத் தன்னை அவள் இன்றுவரை மன்னிக்கவில்லை. ஆனால் அப்போது கோபமெல்லாம் தளபதியின் மனைவி மேல் திரும்பியது. கனத்த உடம்பும் மெல்லிய குரலுமாக இருந்த அந்த அம்மாளைக் கடையில் பார்த்தால் இவள் வேறு பக்கம் போய்விடுவாள். பாவம், அந்த அம்மாள் சர்க்கரை வாங்க வந்திருப்பாள்.

இவள் புருஷன் பதவியில் மளமளவென்று மேலே போனார். பெரிய சூரர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஓட்டப்போகும் விமானத்தின் பதிவேட்டில் பத்துப் பக்கம் இருந்தால் பத்தையும் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவார். மற்றவர்கள் டீ குடித்துவிட்டுத் திரும்பி வந்து பார்த்தால் இவர் ஒரு திருகாணியைப் பற்றி மெக்கானிக்கிடம் கேள்வி கேட்டுக்கொண்டிருப்பார். அவருக்கு முன்னால் நின்ற சூரர்களில் சிலர் விழுந்தார்கள், சிலர் சலித்து வெளியே போனார்கள். எல்லா ஆணியையும் எண்ணிப் பார்த்தவர் மிஞ்சினார். பதினெட்டு வருஷத்தில் பதிமூன்று வீடு மாறினார்கள். நாற்பத்து நாலாவது வயதில் ஒரு தளத்துக்கே தளபதி ஆனார். தோட்டத்தோடு பெரிய வீடு, வாசலில் காவல், வீட்டு வேலைக்கு இரண்டு பேர், கொடி வைத்த கறுப்புக் கார்.

நாலாவது மாதம், காலை பதினொரு மணிக்கு அவர் வீட்டுக்கு வந்தார். பகலில் அவர் வீட்டுக்கு வந்ததே கிடையாது.

"கிளம்பு," என்றார்.

"எங்க?"

"ஏழாவது வீடு."

"நான் வந்து என்னங்க சொல்றது?"

"நீ ஒண்ணும் சொல்ல வேணாம். கதவைத் திறக்க வை. மத்ததை நான் சொல்லிக்கிறேன்."

இருந்ததிலேயே மங்கலான ஒரு சாம்பல் நிற உடையைப் போட்டுக்கொண்டு கிளம்பினாள். கதவுக்கு அந்தப் பக்கம் இருந்த பெண்ணுக்கு இருபத்து நாலு வயது இருக்கலாம். ஜன்னல் வழியாக எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, தெரிந்துகொண்டே, "யாரு?" என்று கேட்டாள்.

"ஒண்ணுமில்லம்மா, கதவைத் திற," என்றாள் இவள். எங்கிருந்து அந்தப் பொய் வந்ததோ, தாய் மாதிரி, இதமாக வந்தது. கதவு திறந்தது.

அவர் இரண்டு வாக்கியம் சொன்னார், இருபது நிமிஷம் நின்றார், விழுந்த விமானத்தைப் பார்க்கப் போய்விட்டார். இவள் மூன்று நாள் அங்கேயே இருந்தாள். அந்த வேலை அவளுக்குக் கைவந்தது என்பதுதான் அவளுடைய துரதிருஷ்டம். உள்ளே போனதும் முதல் காரியமாக அடுப்பை அணைக்க வேண்டும். குழந்தைகள் எங்கே என்று பார்க்க வேண்டும். கண்ணாடி டம்ளரில் தண்ணீர் கொடுக்கக் கூடாது. 'அழாதே' என்று தப்பித் தவறிக்கூடச் சொல்லக் கூடாது. செத்தவன் கழற்றிப் போட்ட சட்டை துவைக்கக் கிடந்தால் யாரையும் துவைக்க விடாமல் எடுத்து மடித்து வைக்க வேண்டும், பத்து நாள் கழித்து அந்தச் சட்டையைத் தேடுவாள் அவள். ஒன்பது வருஷத்தில் மூன்று தளங்கள். மூன்றிலுமாகப் பதினொரு கதவு.

ஒவ்வொரு தடவையும் அவள் வீடு திரும்பும்போது அவர் விசாரணைக் காகிதங்களோடு உட்கார்ந்திருப்பார். "வந்துட்டியா," என்பார். அதற்கு மேல் பேச்சில்லை. 'உனக்கு எப்படி இருக்கு' என்று ஒரு தடவை கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் கொட்டுவதற்கு அவளிடம் ஒரு வண்டி அழுகை இருந்தது.

இது போகட்டும். அவளுக்கு நேர்ந்த பெரிய கஷ்டம் வேறு. ஒரு விமானியின் மனைவிக்குக் குழந்தை பிறந்திருந்தது. பார்த்துவிட்டு வரலாமென்று பொம்மை ஒன்று வாங்கிக்கொண்டு இவள் போய்க் கதவைத் தட்டினாள். திறந்த பெண் இவளைப் பார்த்தாள். அடுத்த கணம் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே சரிந்து உட்கார்ந்துவிட்டாள். "ஐயோ, குழந்தையைப் பார்க்க வந்தேன்மா," என்று இவள் பொம்மையைத் தூக்கித் தூக்கிக் காட்டினாள். அந்தப் பெண்ணுக்கு மூச்சு சீராக அரை மணி நேரம் ஆயிற்று. அதற்குப் பிறகு இவள் போன் செய்துவிட்டுத்தான் யார் வீட்டுக்கும் போவது என்று வைத்துக்கொண்டாள். போனில் இவள் குரல் கேட்டாலே அந்தப் பக்கம் பேச்சு நின்றது. பிறகு போவதையே விட்டாள்.

குடியிருப்புக் கடையில் ஒருநாள் அலமாரிக்கு அந்தப் பக்கம் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டது காதில் விழுந்தது.

"வெளியில கார் நிக்குது, பாத்தியா? தந்தி உள்ளதான் இருக்கு."

"சோப்பு வாங்க வந்திருக்கும். தந்திக்கும் அழுக்கு இருக்கும்ல?"

இரண்டு பேரும் சிரித்தார்கள். யார் அந்தத் தந்தி என்று இவள் ஒரு நிமிஷம் யோசித்தாள். புரிந்ததும் எடுத்த சாமானை அங்கேயே வைத்துவிட்டு வெளியே வந்தாள். சாப்பாட்டு நேரத்தில் அவரிடம் சொன்னாள்: "எனக்குத் தந்தின்னு பேர் வச்சிருக்காங்க."

அவர் சாப்பிடுவதை நிறுத்தி யோசித்தார். "தந்தியைத்தான் எப்பவோ நிறுத்திட்டாங்களே," என்றார்.

இந்த மனுஷனை என்ன செய்வது, சொல்லுங்கள். அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்து முடிக்கும்போது கண் நிறைந்திருந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை.

மகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். முதல் கதவு தட்டியபோது அவளுக்குப் பதிமூன்று வயது. மூன்றாவது கதவின்போது பள்ளிக்கு விடுமுறை. வீட்டு வேலைக்காரர்களும் அன்று வரவில்லை. தனியாக விட்டுவிட்டுப் போக மனசில்லாமல் காரிலேயே உட்கார வைத்துக் கூட்டிப் போனார்கள். டிரைவர் ஜன்னலை இறக்கி வைத்திருந்தார். "ஒண்ணுமில்லம்மா, கதவைத் திற" என்று அம்மா சொன்னதும் அந்தப் பிள்ளைக்குக் கேட்டது. அதற்குப் பிறகு உள்ளேயிருந்து வந்த அலறலும் கேட்டது.

அன்றைக்குச் சாயங்காலம் வந்து கேட்டாள். "ஒண்ணுமில்லைன்னு ஏம்மா சொன்ன?"

"அப்படிச் சொன்னாதான்டி கதவைத் திறப்பாங்க."

மகள் தலையை ஆட்டினாள்.

இத்தனையும் பார்த்து வளர்ந்த பெண் யாரைக் கட்டிக்கொண்டாள் என்கிறீர்கள்? விமானியைத்தான். "உலகத்துல வேற ஆம்பளையே கிடைக்கலயா?" என்று இவள் கேட்டாள். "நீ மட்டும் என்ன பண்ண?" என்று மகள் கேட்டாள். அதோடு பேச்சு முடிந்தது. மாப்பிள்ளை தங்கமான பையன். அவன் மேல் குறை சொல்ல இவளுக்கு எதுவும் கிடைக்கவில்லை.

கல்யாணமாகி மூன்று வருஷம். தூரத்துத் தளம் ஒன்றில் குடியிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைதோறும் மகள் தவறாமல் போன் செய்வாள். நன்றாகப் பேசுவாள், சிரிப்பாள். ஆனால் ஒரு தடவைகூட 'அம்மா, இங்க வந்துட்டுப் போயேன்' என்று சொன்னதில்லை. இவளாக வரட்டுமா என்றால், "இப்ப வேணாம்மா, வீட்டுக்கு வெள்ளையடிக்கறாங்க," என்பாள். மூன்று வருஷமாகவா ஒரு வீட்டுக்கு வெள்ளையடிப்பார்கள்? நீயாவது இங்கே வாயேன் என்றால் அதற்கும் மாட்டாள். "அவர் இறங்கற சத்தம் கேக்கலைன்னா எனக்குச் சரிப்படாதும்மா," என்பாள். அது இவளுக்குப் புரிந்தது.

இப்போது மகளுக்கு ஏழாவது மாதம். பிரசவ சமயத்தில் பக்கத்தில் இருக்க வேண்டும், பெற்றெடுத்த பெண்ணின் தலைமாட்டில் உட்கார்ந்திருக்க வேண்டும், அவ்வளவுதான் இவள் ஆசைப்பட்டது. பதினொரு வீட்டில் முன்பின் தெரியாத பெண்களின் தலையைப் பிடித்துக்கொண்டவளுக்குத் தன் மகள் தலையைப் பிடித்துக்கொள்ள உரிமை இல்லையா? கேட்டபோதெல்லாம் மகள், "பாக்கலாம்மா," என்றாள். போன ஞாயிற்றுக்கிழமை கால் வீங்குகிறது என்று பேச்சுவாக்கில் சொன்னாள். அன்றிலிருந்து இவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை.

ஜெனரலுக்கு உயர்வு வந்தது அந்தச் சமயத்தில்தான். பதினான்கு தளங்கள் இனி அவர் கைக்குள். அதில் மாப்பிள்ளையின் தளமும் ஒன்று. புது ஜெனரல் சொல்லாமல் கொள்ளாமல் போய் ஒவ்வொரு தளத்தையும் சோதிப்பார். அந்தத் தளத்தின் தளபதிக்குக்கூட ஒரு மணி நேரம் முன்னால்தான் தெரியும்.

"நானும் வரேன்," என்றாள்.

"சோதனைக்கு யாரும் பொண்டாட்டியைக் கூட்டிட்டுப் போக மாட்டாங்க."

"விமானத்துலயே உக்காந்துக்கறேன். வேலை முடிஞ்சதும் பத்து நிமிஷம் அவளைப் பாத்துட்டு வந்துடலாம். முப்பத்திரண்டு வருஷத்துல நான் வேற என்னங்க கேட்டேன்?"

அவர் அவளைப் பார்த்தார். கேட்டதேயில்லை என்பது அவருக்கும் தெரியும். "சரி," என்றார். மகளுக்குச் சொல்ல வேண்டாம், திடீரென்று போய் நின்றால் சந்தோஷப்படுவாள் என்று தீர்மானித்தது இவள்தான்.

எந்தத் தளத்துக்குப் போனாலும் அவருக்கு ஒரு பழக்கம். இறங்கின கையோடு ஓடுதளத்தை மூடச் சொல்வார். மேலே இருக்கும் விமானங்களைப் பக்கத்துத் தளத்துக்குத் திருப்பி ஒழுங்காக இறக்கத் தெரிகிறதா என்று பார்ப்பதற்கு. அன்றைக்கும் அப்படியே செய்தார். காலையில் கிளம்பிய நாலு விமானம் மேலே இருந்தன. நாலும் பக்கத்துத் தளத்தில் போய் இறங்கின. சோதனை சரியாக நடந்ததில் ஜெனரலுக்குத் திருப்தி. பதினொன்றரைக்கெல்லாம் வேலை முடிந்துவிட்டது.

"மகள் வீட்டுக்கா? நானே கூட்டிட்டுப் போறேன் சார்," என்றார் அந்தத் தளத்தின் தளபதி, ஜெனரலை விட்டுப் பிரியக் கூடாதென்று. கால் வீக்கம் ஞாபகம் வந்து இவள், "இங்க டாக்டர் இருக்காரா? அவரும் வந்தா அவளைக் கொஞ்சம் பாத்துடலாம்," என்றாள். டாக்டர் பையோடு வந்து முன் சீட்டில் ஏறினார். "மாப்பிள்ளையும் மேலதான் இருந்தாரும்மா. பக்கத்துத் தளத்துல பத்திரமா இறங்கிட்டார். மூணு மணிக்குத் திரும்பிடுவார்," என்றார் தளபதி. ஐயோ, அவனைப் பார்க்க முடியாதே என்றுதான் இவளுக்குத் தோன்றியது. வேறெதுவும் தோன்றவில்லை. பதினொரு கதவு தட்டியவளுக்கு அன்றைக்கு மூளை எங்கே போயிருந்ததோ.

தளபதியின் கொடி வைத்த கறுப்புக் கார் வரிசைக்குள் திரும்பியது. வீடுகளில் ரேடியோ பாடவில்லை. கிளம்பிய நாலில் ஒன்றுகூட இறங்கின சத்தம் கேட்காமல் ஜன்னல்களில் பெண்கள் நின்றார்கள். அதைப் பார்த்த பிறகும் இவள் மடியில் இருந்த பழப் பையைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

ஜெனரல் இறங்கினார். மகள் வீட்டுக்குள் அதிகாரி மாதிரி போக வேண்டாமே என்று அந்த மனுஷனுக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை தோன்றியது. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"என்னங்க, தொப்பி," என்றாள் இவள். அதற்குள் எதிர்வீட்டு ஜன்னலில் ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். மகள் வீட்டு ஜன்னல் திரை அசைந்தது. உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.

இவள் ஓடிப்போய்க் கதவைத் தட்டினாள். "அம்மாடி, நாந்தான். அப்பா சோதனைக்கு வந்தார். ஒண்ணுமில்லம்மா, கதவைத் திற."

சொல்லி முடித்ததும்தான் தான் சொன்னது தன் காதிலேயே விழுந்தது.

"கதவைத் திற," என்றார் ஜெனரல், படைக்குச் சொல்லும் குரலில். பதினான்கு தளங்கள் அந்தக் குரலுக்கு எழுந்து நிற்கும். அந்தத் தாழ்ப்பாள் அசையவில்லை. தளபதி அவசரமாகப் பக்கத்துத் தளத்தைக் கூப்பிட்டு, மாப்பிள்ளையை வீட்டுக்குப் போன் செய்யச் சொன்னார். உள்ளே போன் அடித்தது. இருபது தடவைக்கு மேல் மணி அடித்தது. யாரும் எடுக்கவில்லை. மறுபடி அடித்தது, பாதியில் நின்றது. ஒயரைப் பிடுங்கிவிட்டாள்.

"ஏழு மாசம்மா. இந்த அதிர்ச்சி நல்லதில்ல. கதவை உடைச்சிடலாமா?" என்றார் டாக்டர்.

இவள் கதவில் காதை வைத்தாள். உள்ளே குழாயில் தண்ணீர் விழுந்தது. பாத்திரம் தேய்க்கும் சத்தம் கேட்டது. இவளுக்குத் தெரியும், நிறையப் பேர் இப்படித்தான் கிடைத்த வேலையைப் பிடித்துக்கொள்வார்கள்.

"உடைக்க வேணாம். உடைச்சா நிஜம்னு ஆயிடும். எல்லாரும் கிளம்புங்க."

"நான் இருக்கேன்," என்றார் ஜெனரல்.

"நீங்கதான் முதல்ல போகணும். அந்தத் தொப்பியைத் தலையில வச்சுக்கிட்டுப் போங்க."

கீழ் அதிகாரிகள் முன்னால் அவள் அவருக்கு உத்தரவு போட்டது அதுதான் முதல் தடவை. அவர் தொப்பியைப் போட்டுக்கொண்டு போனார்.

வாசல் படியில் உட்கார்ந்தாள். வெயில் ஏறியது. சுற்றியிருந்த ஜன்னல்கள் எல்லாம் இவளைப் பார்த்துக்கொண்டிருந்தன. ரொம்ப நேரம் கழித்துக் கதவுக்குப் பின்னால் மகளின் குரல் கேட்டது. தரையில் உட்கார்ந்து பேசுகிறாள் என்று தெரிந்தது.

"அம்மா."

"சொல்லுடி."

"திறக்காம ரொம்ப நேரம் இருந்தது யாரு?"

பொய் சொல்ல இவளுக்குத் தெம்பு இல்லை. "இரண்டாவது தளத்துல ஒருத்தி. இருபத்தஞ்சு நிமிஷம்."

"நான் அதுக்கு மேல இருந்துட்டேன்."

"ஆமாம்டி. நீ அதுக்கு மேல இருந்துட்ட." பிறகு இவள் மெதுவாகச் சொன்னாள்: "அவன் பக்கத்துத் தளத்துல இருக்கான். மூணு மணிக்கு வருவான். நான் சொன்னா நீ நம்ப மாட்ட. நம்ப வேணாம். இங்கயே உக்காந்திருக்கேன். நாலு சத்தம் கேக்கும், எண்ணிக்க."

கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு முதுகு சாய்ந்தது தெரிந்தது.

மூன்றேகாலுக்கு முதல் விமானம் இறங்கியது. பிறகு இன்னொன்று. மூன்றாவது. அதற்கும் நாலாவதுக்கும் நடுவில் ஓடிய நேரம் இருக்கிறதே, அதில் இவளே நம்பிக்கை இழந்துவிட்டாள். தளபதி தன்னிடமும் அந்தப் பழைய பொய்யைச் சொல்லியிருப்பாரோ என்று தோன்றிவிட்டது. நாலாவது இறங்கியதும் கதவில் தலையைச் சாய்த்துக்கொண்டு அழுதாள்.

மாப்பிள்ளை பறக்கும் உடையோடு, மூச்சு வாங்க ஓடி வந்தான். "நான்தான், திற," என்றான். கதவு திறந்தது. மகள் அவன் முகத்தை இரண்டு கையாலும் தடவித் தடவிப் பார்த்தாள். படியில் இருந்தவளை அவள் பார்த்த மாதிரியே தெரியவில்லை.

அரை மணி நேரம் கழித்துத்தான் வெளியே வந்தாள். அம்மாவுக்குப் பக்கத்தில், வயிற்றைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்தாள். உள்ளே வா என்று அவள் சொல்லவில்லை. சொல்வாள் என்று இவள் காத்திருந்தாள்.

"கோபத்துல சொல்லலம்மா. பிரசவத்துக்கு நீ வராத."

"கார் வேணாம்டி. அப்பாவும் வேணாம். பஸ்ல வரேன், பை தூக்கிட்டு நடந்து வரேன்."

"காரு இல்லம்மா. நீதான்." மகள் அம்மாவின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "அப்படி ஒரு நாள் வந்ததுன்னா வேற யாரும் வரக் கூடாது. நீதான் வரணும். நீதான் அடுப்பை அணைக்கணும், அவர் சட்டையை எடுத்து வைக்கணும். வேற ஒருத்தி வந்து நின்னா நான் செத்துடுவேன். அதனாலதான் மத்த நாள்ல வராதன்னு சொல்றேன். நீ வரலைன்னா அவர் இருக்கார்னு அர்த்தம். மூணு வருஷமா நான் அதை வச்சுத்தான் தூங்கறேன்."

இது அநியாயம் என்று இவளுக்கு வாய்வரை வந்தது. நான் உன்னைப் பெற்றவள், செய்தி கொண்டுவருபவள் இல்லை என்று கத்த வேண்டும்போல இருந்தது. மகளின் வீங்கிய காலைப் பார்த்தாள்.

"சரி," என்றாள்.

திரும்பி வரும் விமானத்தில் ஜெனரல் எதிர் சீட்டில், தொப்பியை முழங்காலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பாதி வழியில் சொன்னார்: "மக வீடுன்னுதான் கழட்டினேன்."

"தெரியும்ங்க."

அவர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். அவளும் திருப்பிக்கொண்டாள். ஆளுக்கொரு ஜன்னல் இருந்தது.

இரண்டு மாதம் கழிந்தது. மகளுக்கு வலி எடுத்துவிட்டது என்று ஒரு புதன்கிழமை காலையில் மாப்பிள்ளை போன் செய்தான். கூட இருக்கச் சம்பந்தியம்மாள் போயிருந்தாள். அந்த அம்மாள் வாசலில் நின்றால் யாருக்கும் வயிறு கலங்காது, அவள் கொடுத்து வைத்தவள். ஜெனரல் ஆபீசுக்குக் கிளம்பும்போது, "விமானம் ஏற்பாடு பண்ணட்டுமா?" என்று கேட்டார். வேண்டாம் என்று தலையாட்டினாள். வேலைக்காரர்களை அனுப்பிவிட்டு, அந்தப் பெரிய கூடத்தில் போன் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். குளிக்கப் போகவில்லை, சாப்பிடவில்லை. போன் இரண்டு தடவை அடித்தது, இரண்டு தடவையும் யாரோ ஜெனரலைக் கேட்டார்கள்.

பன்னிரண்டு மணிக்கு மகளே பேசினாள். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"பொண்ணும்மா. இரு, பக்கத்துல வைக்கறேன்."

ஏதோ உரசியது. பிறகு ஒரு சின்னக் கோபக்காரக் குரல் வீல் என்று கத்தியது. இவள் ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டு எழுந்து நின்றுவிட்டாள். கதவுக்கு வெளியே போக வேண்டியவள் மாதிரி இரண்டு எட்டு வைத்தாள், ஒயர் இழுத்தது.

"கேக்குதாம்மா?"

"கேக்குதுடி. நல்லா கேக்குது."

"நீ எங்க இருக்க?"

"வீட்லதான்."

மகள் மூச்சு விட்டது கேட்டது. "அங்கயே இரும்மா," என்றாள், கெஞ்சுகிற மாதிரி.

"இருக்கேன்டி," என்றாள் இவள்.